ஆகாயத்திலிருந்து பயிர்மருந்து தெளித்தல்: கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

நிரம்பிய தெளிகருவியை முதுகிற் சுமந்து, சேற்று வயலில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, தாம் தெளித்த மருந்தின் தூவானத்துக்குள் தாமே நடந்து செல்வது நம் கமக்காரருக்குப் பழகிய வேலையாகும். 16 லீற்றர் கொள்ளும் கருவி நிரம்பியிருக்கும்போது ஏறக்குறைய 20 கிலோகிராம் பாரமுடையது. ஓர் ஏக்கர் வயலைத் தெளித்து முடிப்பதற்கு அதனைப் பத்து முறை வரை நிரப்ப வேண்டியிருக்கும். அவ்வேலைக்கு ஆள் கிடைப்பதும் இப்போது எளிதன்று.

இக்காலத்தில் அதே வேலையை ஆளில்லாமற் பறக்கும் சிறு வானூர்தி சில நிமிடங்களிற் செய்து விடுகின்றது. ட்ரோன் என்று எல்லோரும் வழங்கும் இக்கருவியை வாடகைக்கு அமர்த்தி நெல் வயலுக்கு மருந்து தெளிப்பிக்கும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகின்றது. "கருவி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று எண்ணுவோரும் உளர். "ஊர்க் கிணறுகளெல்லாம் நஞ்சாகிவிடும்" என்று அஞ்சுவோரும் உளர். இவ்விரண்டு எண்ணங்களும் முற்றும் சரியானவை அல்ல. கருவியால் நன்மை விளைவதும் தீமை விளைவதும், அதனை அமர்த்துபவர் எவற்றை அறிந்திருக்கின்றார், எவற்றைக் கேட்கின்றார், எவற்றுக்கு இடங்கொடுக்கின்றார் என்பவற்றைப் பொறுத்தனவாகும். ஆகவே, இக்கருவியை வாடகைக்கு அமர்த்தும் கமக்காரருக்கெனவே இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுகின்றது.

பழைய எண்ணம், புதிய கருவி

ஆகாயத்திலிருந்து மருந்திடல் புதிய எண்ணமன்று. 1921 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் திரோய் என்னும் ஊருக்கு அண்மையில், மரங்களை அழித்துவந்த புழுக்களின் மேல் விமானமொன்றிலிருந்து நச்சுத்தூள் தூவப்பட்டது. பரந்த பண்ணைகளையுடைய நாடுகளில் அம்முறை விரைவிற் பரவிற்று. ஆனால் சிறு வயல்களும் வரம்புகளும் இடையிடையே வீடுகளும் கிணறுகளும் அமைந்த ஆசிய நாடுகளுக்குப் பெரிய விமானம் பொருந்தவில்லை. இக்குறையை நீக்க முயன்ற யப்பானியர், 1987 இல் யமகா ஆர்-50 என்னும் ஆளில்லா உலங்குவானூர்தியை நெல் வயல்களுக்கென வெளியிட்டனர். மின்கலத்தால் இயங்கி, நான்கு, ஆறு அல்லது எட்டுச் சுழலிகளோடு பறக்கும் இன்றைய கருவிகள் அதற்குப் பின் வந்தவை.

கருவி வேலை செய்யும் விதம்

கருவியின் அடியில் மருந்துத் தாங்கி உண்டு. 10 லீற்றர் கொள்ளும் சிறியனவும், 30 லீற்றருக்கு மேற்கொள்ளும் பெரியனவும் உள. தாங்கியிலுள்ள கலவையை ஒரு சிறு பம்பி இழுத்து, தெளிமுனைகள் வழியே நுண்துளிகளாக வெளிவிடும். பயிருக்கு மேல் 2 முதல் 3 மீற்றர் உயரத்திற் கருவி பறக்கும். செய்மதிகளிலிருந்து வரும் குறிப்புகளைக் கொண்டு தான் நிற்குமிடத்தை அறிந்து, வயலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நேர்கோடாகச் சென்று மீளும். நிரம்பிய தாங்கியோடு ஒரு மின்கலம் ஏறக்குறைய 10 நிமிடம் வரை தாங்கும். பின்னர் வேறு மின்கலம் மாற்ற வேண்டும்.

சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றினால் நெற்றாள்கள் அசைந்து விலகும். அவ்வசைவினால் இலையின் அடிப்புறத்திலும் ஓரளவு மருந்து படியும். இஃது ஒரு நன்மை. சேற்றில் ஆள் இறங்காதபடியால் பயிர் மிதிபடுவதில்லை. தெளிப்பவர் மருந்துத் தூவானத்துக்குள் நடக்க வேண்டியதுமில்லை. இவை இக்கருவியின் மெய்யான பயன்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை மனத்திற் பதித்துக் கொள்ளல் வேண்டும். முதுகுத் தெளிகருவியால் ஓர் ஏக்கருக்கு 160 லீற்றர் வரை கலவை தெளிக்கும் நாம், வானூர்தியால் ஏறக்குறைய 10 லீற்றரே தெளிக்கின்றோம். நீர் குறைகின்றது, நிலம் குறையவில்லை. இனி வரும் எச்சரிக்கைகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் வயலில் இறங்கிப் பார்க்குக

கருவி எளிதிற் கிடைக்கின்றதென்பது மருந்து தெளிப்பதற்குக் காரணமாகாது. பீடை உண்டா, எது, எவ்வளவு, எவ்விடத்தில் என்பனவற்றை முதலில் அறிதல் வேண்டும். விதைத்து முதல் 40 நாட்களுக்குள் இலைகளைச் சுருட்டித் தின்னும் புழுக்களைக் கண்டு பலர் கலங்குவர். அப்பருவத்தில் நெற்பயிர் புதிய இலைகளையும் மட்டங்களையும் விட்டு அவ்விழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். அதற்குள் அவசரப்பட்டுத் தெளித்த பூச்சிகொல்லி, தத்திகளைத் தின்று வாழும் சிலந்திகளையும் நன்மை பயக்கும் பூச்சிகளையும் கொன்றுவிடும். காவலர் இறந்த வயலில், சில வாரங்களின் பின் கபிலநிறத் தத்தி பெருகுவதைப் பல நாட்டு நெல்லாராய்ச்சியாளரும் கண்டுள்ளனர்.

படம் எடுக்கும் வானூர்திகளும் இப்போது உள. நலமுள்ள பச்சையிலை, உணவாக்குவதற்காகச் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்யும். நலிந்த இலை அவ்வாறு செய்யாது. இவ்வேறுபாட்டைப் பதியும் படக்கருவி, வயலின் எப்பகுதி நலிந்துள்ளது என்பதை நிறங்களாற் காட்டும். அதனைக் கொண்டு, முழு வயலுக்கும் தெளிக்காமல் வேண்டிய பகுதிக்கு மட்டும் தெளிக்கலாம். எனினும், பயிர் எங்கே நலிந்தது என்பதைப் படம் கூறுமேயன்றி, ஏன் நலிந்தது என்பதைக் கூறாது. பசளைக் குறைவோ, நீர்க் குறைவோ, உவரோ, தத்தியோ என்பதை அவ்விடத்துக்குச் சென்று, நெற்குற்றியை விலக்கி, அடித்தாளைப் பார்த்தே அறியலாம். உவரால் மஞ்சளித்த பயிருக்குப் பூச்சிகொல்லி தெளிப்பது பணத்தை வாய்க்காலில் எறிவதாகும்.

கபிலநிறத் தத்தியைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். அப்பூச்சி தாளின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தங்கிச் சாற்றை உறிஞ்சும். அடர்ந்து மூடிய பயிரின் மேல் ஆகாயத்திலிருந்து விழும் நுண்துளிகளிற் பெரும்பகுதி மேலிலைகளிலேயே தங்கிவிடும். ஆகவே, வயல் வட்ட வட்டமாகக் கருகத் தொடங்கிய இடங்களில், நீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, முதுகுத் தெளிகருவியால் அடித்தாளுக்குத் தெளிப்பதே இன்றும் நம்பகமான முறையாகும். வானூர்தியையே பயன்படுத்த வேண்டி நேரின், வேகத்தைக் குறைத்து, ஏக்கருக்குரிய நீரைக் கூட்டுதல் வேண்டும்.

மருந்தின் அளவு நிலத்தைப் பொறுத்தது, தாங்கியைப் பொறுத்ததன்று

இத்துண்டுப் பிரசுரத்தில் வேறெதனை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. நம்மிற் பலர், "ஒரு தாங்கிக்கு இத்தனை மூடி" என்றே மருந்தை அளந்து பழகியுள்ளோம். முதுகுத் தெளிகருவிக்கு அப்பழக்கம் ஒருவாறு உதவிற்று. வானூர்திக்கு அது பெருந் தவறாகும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு மருந்தின் விவரச்சீட்டில் ஏக்கருக்கு 160 மில்லிலீற்றர் என்று இருப்பதாகக் கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்த எண், எம்மருந்துக்கும் உரிய சிபார்சு அன்று.)

முதுகுத் தெளிகருவி: ஏக்கருக்கு 16 லீற்றர்த் தாங்கி பத்து. ஆகவே தாங்கி ஒன்றுக்கு 16 மில்லிலீற்றர்.

10 லீற்றர் கொள்ளும் வானூர்தி, ஏக்கருக்கு 10 லீற்றர் வீதம்: தாங்கி ஒன்று ஓர் ஏக்கருக்குப் போதும். ஆகவே தாங்கி ஒன்றுக்கு 160 மில்லிலீற்றர்.

16 லீற்றர் கொள்ளும் வானூர்தி, ஏக்கருக்கு 10 லீற்றர் வீதம்: தாங்கி ஒன்று 1.6 ஏக்கருக்குச் செல்லும். ஆகவே தாங்கி ஒன்றுக்கு 256 மில்லிலீற்றர்.

இப்பொழுது ஒருவர் பழைய வழக்கப்படி வானூர்தித் தாங்கிக்கும் 16 மில்லிலீற்றரே ஊற்றினாரென்று வைத்துக்கொள்வோம். 10 லீற்றர்த் தாங்கியாயின் வயலுக்குக் கிடைத்தது வேண்டிய மருந்திற் பத்தில் ஒரு பங்கே. பூச்சி சாகாது. சிறிதளவு நஞ்சுக்குத் தப்பிய பூச்சிகளே இனம்பெருக்கும். அவற்றின் சந்ததியிற் பின்னர் அம்மருந்து முழு அளவிலும் பலிக்காமற் போகலாம். வேறொருவர், "நீர் குறைவாயிற்றே" என்றஞ்சி இரு மடங்கு ஊற்றினால், இலை கருகும், நெல்லில் நஞ்சு எஞ்சும், செலவும் வீணாகும்.

இன்னுமொன்று. எல்லா மருந்துகளும் இவ்வளவு செறிந்த கலவையாகத் தெளிப்பதற்கு ஏற்றனவல்ல. விவரச்சீட்டையும் விவசாயப் போதனாசிரியரையும் கேளாமல் எம்மருந்தையும் தாங்கியில் இடலாகாது. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தால், சிறிது நீரில் அவை திரைந்து தெளிமுனையை அடைத்துவிடக் கூடும். தூள் மருந்தாயின், முதலில் வாளியிற் சிறிது நீர்விட்டு நன்றாகக் கரைத்து, வடித்த பின்னரே தாங்கியிற் சேர்த்தல் வேண்டும்.

கலப்பவருக்கே கூடிய ஆபத்து

வானூர்தி, வயலில் நடப்பவரை நஞ்சிலிருந்து விலக்குகின்றது. ஆனால் அந்நஞ்சைக் கரையில் நின்று கலப்பவரின் கையிற் செறித்து வைக்கின்றது. மேலே கூறிய கணக்கின்படி, வானூர்தித் தாங்கியிலுள்ள கலவை பழைய கலவையிலும் 16 மடங்கு செறிவுடையது. முன்னர்க் கையிற் பட்ட ஒரு துளிக்கும், இப்பொழுது படும் ஒரு துளிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்திக்குக.

கலப்பவர் இறப்பர்க் கையுறை, முகமூடி, கண்காப்பு, நீண்ட கைச்சட்டை, மூடிய காலணி ஆகியவற்றை அணிதல் வேண்டும். வெறுங்கையாற் கலக்குதல், அடைத்த தெளிமுனையை வாயால் ஊதுதல், வெற்றிலை மெல்லுதல், புகைத்தல் ஆகியன கூடவே கூடா. சிறுவரையும் கர்ப்பிணிகளையும் அவ்விடத்தில் நிறுத்தலாகாது. வெறும் போத்தல்களை மும்முறை கழுவி, கழுவிய நீரைத் தாங்கியிலேயே ஊற்றி, போத்தலைத் துளைத்து, எவரும் எண்ணெய்க்கோ நீருக்கோ எடுக்காதவாறு செய்க.

மருந்து உடலிற் பட்டால் உடையைக் களைந்து சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவுக. தலைச்சுற்று, வாந்தி, மிகுந்த வியர்வை, கண் மங்கல் ஆகியன தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க; மருந்துப் போத்தலையும் அதன் விவரச்சீட்டையும் உடன் கொண்டு செல்க. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

வேகத்தைக் கவனிக்குக

ஏக்கர்க் கணக்கிற் கூலி பெறுபவர் விரைந்து முடிக்க விரும்புவது இயல்பே. ஆனால் வேகம் கூடும்போது மருந்து குறைகின்றது. கருவி ஒருமுறை செல்லும்போது 4 மீற்றர் அகலத்துக்குத் தெளிப்பதாகவும், விநாடிக்கு 4 மீற்றர் வேகத்திற் செல்வதாகவும் கொள்வோம். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். அதனை முடிக்க, திரும்பும் நேரம் நீங்கலாக, 4 நிமிடமும் சில விநாடிகளும் செல்லும். அந்நேரத்தில் 10 லீற்றர் வெளிவர வேண்டுமாயின், தெளிமுனைகள் எல்லாம் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 லீற்றர் விடுதல் வேண்டும். பம்பியை மாற்றாமல் வேகத்தை மட்டும் 5 மீற்றராக உயர்த்தினால், அதே ஏக்கருக்கு 8 லீற்றரே விழும். உங்கள் மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு வயலைச் சேராது.

இதனைக் கண்டறியப் பெருங் கணக்கு வேண்டியதில்லை. ஓர் ஏக்கருக்கெனக் கலந்த மருந்து அந்த ஏக்கர் முடியும்போது முடிய வேண்டும். தாங்கியில் மருந்து எஞ்சினால் வேகம் மிகுதி; இடையிலேயே தீர்ந்தால் வேகம் குறைவு. வேலை தொடங்குமுன் வெறும் நீரை நிரப்பி, ஒவ்வொரு தெளிமுனையின் கீழும் ஒரு பாத்திரம் வைத்து, ஒரு நிமிட நீரை அளந்து பார்க்கலாம். ஒரு முனையில் நீர் குறையின் அது அடைத்துள்ளது. அவ்வழியெங்கும் பயிர் மருந்தின்றி நிற்கும்.

உயரமும் அவ்வாறே. மிக உயரப் பறந்தால் துளிகள் காற்றில் அலைந்து போகும். மிகத் தாழப் பறந்தால் சுழலிக் காற்று இளம் பயிரைச் சாய்த்துவிடும்.

காற்றும் நேரமும்

வானூர்தியின் துளிகள் மிக நுண்ணியவை. ஆதலால் காற்று அவற்றை எளிதில் எடுத்துச் செல்லும். காற்றின் வேகம் விநாடிக்கு 3 மீற்றருக்கு மேற்பட்டால் தெளித்தலை நிறுத்துக. அளக்கும் கருவி இல்லாதவர் மரங்களைப் பார்த்தே அறியலாம். முகத்திற் காற்று மெல்லப் பட்டு, இலைகள் சலசலப்பின் வேலை செய்யலாம். சிறு கிளைகள் ஓயாது அசைந்து, வரம்பிற் கட்டிய இலேசான துணி நேராக விரிந்து பறப்பின் வேலையை நிறுத்துதல் வேண்டும். சிறுபோகத்தில் வடக்கே சோளகமும் கிழக்கே கச்சானும் பகலிற் பலத்து வீசும். அக்காலத்தில் அதிகாலையும் மாலையுமே உகந்தவை.

காற்றே இல்லாத விடியற்காலையிலும் ஓர் ஆபத்துண்டு. அடுப்புப் புகை மேலெழாது வயலின் மேல் தட்டையாகப் பரவி நின்றால், மருந்துத் துளிகளும் அப்புகையைப் போலவே நிலத்தில் இறங்காது, மிதந்து நெடுந்தூரம் செல்லும். புகை மேலே எழத் தொடங்கும் வரை பொறுத்திருக்குக. கடும் வெயிலில் நுண்துளிகள் நிலத்தைச் சேருமுன்னரே உலர்ந்துவிடும். பெரும்போகத்தில் மழை மேகம் திரண்டிருப்பின் வேலையை மறுநாளுக்கு ஒத்திவைக்குக. நெல் பூத்திருக்கும் நாட்களில், பூக்கள் விரியும் முற்பகல் வேளையிற் பூச்சிகொல்லி தெளித்தலைத் தவிர்க்குக.

அயலவரும் கிணறும்

உங்கள் வரம்போடு உங்கள் உரிமை முடிகின்றது. காற்று அவ்வரம்பை அறியாது. உங்கள் களைகொல்லியின் தூவானம் அயலவரின் மிளகாய்த் தோட்டத்திற் படுமாயின், ஒரு போகத்து உழைப்பு ஓரிரவில் வாடலாம். மரக்கறி, வாழை, வெற்றிலைத் தோட்டங்களுக்கு அருகே களைகொல்லியை ஆகாயத்திலிருந்து தெளியாதிருத்தலே நன்று. மற்றை மருந்துகளைத் தெளிக்கும்போதும், காற்று எப்பக்கம் வீசுகின்றதோ அப்பக்கத்து ஓரத்தை வானூர்திக்கு விடாது, முதுகுத் தெளிகருவியாற் கையால் தெளித்து முடிக்குக. மின்கம்பி, பனை, தென்னை அருகேயுள்ள ஓரங்களுக்கும் இதுவே வழி.

குளம், வாய்க்கால், கிணறு, வீடு, பாடசாலை ஆகியவற்றின் மேலாகக் கருவி பறத்தலாகாது. கருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. சிறிதளவு மருந்தும் மீனைக் கொல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் அமைந்தது. மேலே சிந்துவது பாறை வெடிப்புகள் வழியே விரைந்து கிணற்றைச் சேரக்கூடும். அக்கிணற்று நீரையே அயலிலுள்ள குடும்பங்களும் குடிக்கின்றன. ஆகவே, கலக்கும் இடத்தைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைக்குக.

தெளிப்பதற்கு முதல் நாளே அயலவருக்குச் சொல்லி வைக்குக. மாடு, ஆடு, தாரா ஆகியவற்றைக் கட்டி வைக்கவும், தேன்கூடு வைத்திருப்போர் கூட்டை மூடவும், துணி உலர்த்துவோர் எடுத்து வைக்கவும் அவகாசம் கிடைக்கும். தெளித்த வயலில் விவரச்சீட்டிற் குறித்த காலம் வரை எவரும் இறங்கலாகாது. வரம்புப் புல்லையும் மாட்டுக்கு அறுக்கலாகாது.

சட்டம்

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்துகளையே நம் நாட்டில் விற்கலாம். விவரச்சீட்டு இல்லாத போத்தலையும் பெயரறியாத மருந்தையும் எவர் கொண்டுவரினும் மறுத்துவிடுக. கருவியைப் பறக்கவிடுவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் உண்டு. உரிய பதிவும் அனுமதியும் இல்லாதவரை அமர்த்தலாகாது.

அமர்த்துமுன் கேட்க வேண்டிய வினாக்கள்

1. கருவிக்கும் இயக்குபவருக்கும் உரிய அனுமதிப் பத்திரம் உண்டா?

2. தாங்கி எத்தனை லீற்றர் கொள்ளும்? ஏக்கருக்கு எத்தனை லீற்றர் தெளிக்கப்படும்? அக்கணக்கின்படி தாங்கிக்கு எவ்வளவு மருந்து?

3. எவ்வேகத்தில், எவ்வுயரத்திற் பறக்கும்?

4. இதற்கு முன் இத்தாங்கியில் எம்மருந்து இருந்தது? களைகொல்லி இருந்த தாங்கி நன்றாகக் கழுவப்பட்டதா?

5. காற்று எழுந்தால் வேலையை நிறுத்தி, மறுநாள் வந்து முடித்துத் தருவாரா?

6. மருந்தைக் கலப்பவர் யார்? அவருக்குக் கையுறையும் முகமூடியும் உண்டா?

இவ்வினாக்களுக்குத் தெளிவாக விடை கூறுபவரையே அமர்த்துக. மருந்தை உங்கள் கண்முன்னே அளப்பிக்குக. தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, காற்றின் நிலை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்குக. மூன்று நான்கு நாட்களின் பின் வயலில் இறங்கிப் பார்த்துப் பயனையும் அதில் எழுதுக. அடுத்த போகத்தில் அக்கொப்பியே உங்களுக்குச் சிறந்த ஆலோசகராகும்.

கருவி முதுகின் பாரத்தைக் குறைக்கும். பொறுப்பின் பாரத்தை அது சுமக்காது. அதனைச் சுமப்பவர் வயலுக்குடையவரே. வயலைப் பார்த்து, நிலத்தை அளந்து, காற்றை அறிந்து தெளிப்பவருக்கு இவ்வானூர்தி நல்ல துணையாகும்.

ஐயங்கள் எழுமாயின் உங்கள் பிரிவுக்குரிய விவசாயப் போதனாசிரியரைக் காண்க. அல்லது 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்தை அழைக்குக.